பினாங்கில் நான் சாப்பிடாத கடை

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தானே என்று நீங்கள் பெருந்தன்மையோடு சொல்லக்கூடும். வேண்டாம், அந்தச் சலுகை எனக்குப் பொருந்தாது. என் பொய் கதை என்ற பெயரில் அச்சாகவில்லை, கட்டுரையாக அச்சானது. ‘பினாங்கில் எங்கே சாப்பிடலாம்?’ என்று தலைப்பு. இரண்டு பக்கம், ஐந்து கடைகள், கீழே என் முழுப் பெயர். அந்த ஐந்தில் நான்கை இணையத்தில் பொறுக்கினேன். ஐந்தாவதை நானே கட்டினேன்.

நான் பினாங்குக்குப் போனதில்லை. மலேசியாவுக்கு ஒன்பது தடவை போயிருக்கிறேன். ஒன்பது தடவையும் கோலாலம்பூர் விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. சிட்னியிலிருந்து கொழும்புக்குப் போய்வருகிற எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு மலேசியா என்றால் ஒரு நீண்ட கதிரை வரிசை, ஒரு குளிர், ஒரு கழிப்பறை. அவ்வளவுதான்.

(முதலில் ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். பெய்யவில்லை. ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வந்துவிட்டு இன்னொன்றில் தொடங்குவானேன் என்று வெட்டிவிட்டேன்.)

2.

என் தொழிலைச் சொன்னால் இந்தக் கேலிக்கூத்து இன்னும் நன்றாக விளங்கும். மேற்குச் சிட்னியில் ஒரு மாநகரசபையில் நான் உணவுப் பரிசோதகர். பேர்போன உணவகமோ மூலைக்கடையோ, நான் உள்ளே நுழைந்தால் சமையல்காரரின் முகம் மாறும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கும். ஒரு தட்டுச் சோற்றைப் பார்த்தால் எனக்குப் பசி வராது. எத்தனை மணிக்கு வடித்தது என்ற கேள்விதான் வரும். தெருவோரச் சாப்பாட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஒருவர் இந்த மாநிலத்தில் இருக்க முடியாது.

சேஷாத்ரி அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் சென்னைக்காரர். பகலில் கணினி வேலை. மற்ற நேரத்தில், எங்கள் மசாலாக் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடக்கிற ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர்.

“சார், ஒரு டிராவல் ஏஜென்ட் முழுப் பக்க விளம்பரம் குடுத்திருக்காரு. மலேசியா வழியா ஊருக்குப் போங்க, நடுவுல மூணு நாள் பினாங்கு பாருங்கன்னு. பக்கத்துலயே சாப்பாட்டைப் பத்தி ஒரு கட்டுரை வந்தா எடுப்பா இருக்கும். நீங்க ஃபுட் டிபார்ட்மென்ட்தானே?”

“நான் சாப்பாட்டுக் கடையைப் பூட்டுற டிபார்ட்மென்ட்.”

“அதான் சார், அனுபவம்!”

போனை வைத்தபோது என் மனைவி யாமினி குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“எயார்போட்டிலை ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கப் பயப்பிடுற மனுசன், பினாங்கிலை எங்கை சாப்பிடுறதெண்டு எழுதப் போறார். சனம் பாவம்.”

3.

நான்கு கடைகள் சுலபமாக வந்தன. சிப்பி போட்டு, தீயின் வாசம் ஏறப் புரட்டும் அரிசி நூடுல்ஸ், சார் குவே தியாவ். மீன் கரைந்த புளிச்சாற்றில் நூடுல்ஸ் மிதக்கும் அசாம் லக்சா. எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும் நாசி கண்டார். பனிச்சீவலில் பனைவெல்லப் பாகு வழியும் செண்டோல். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘உள்ளூர்க்காரர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அங்கேயே நில்லுங்கள்’ என்று எழுதினேன். உலகத்தில் எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் இந்த வரியைப் போடலாம். யாரும் வழக்குப் போட முடியாது.

ஆனால் ‘நான்கு கடைகள்’ என்பது தலைப்பின் கீழ் மொட்டையாக நின்றது. ஐந்தாவது வேண்டும். அதுவும் எந்த இணையத்திலும் இல்லாத, நான் மட்டுமே கண்ட கடை. எழுதிப் பார்த்தேன்:

‘அவர் ஒரு வயதான சீனர். அவருடைய கண்களில் ஒரு’

(கண்களில் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

‘மூன்று தலைமுறையாகக் கழுவாத இரும்புச் சட்டியில்’

(மூன்று தலைமுறை! நான் அந்தக் கடையை அன்றைக்கே பூட்டியிருப்பேன்.)

3. (மறுபடியும்)

அப்போதுதான் கணேசலிங்கத்தின் ஞாபகம் வந்தது.

சென்ற ஒக்டோபரில் எங்கள் டூங்கபிப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்று உணவு விழா நடத்தியது. ‘அண்ணை, நீங்கள் ஒருக்கா எல்லாத்தையும் பாத்துச் சொன்னால் எங்களுக்கு நிம்மதி’ என்றார்கள். அன்று எனக்கு விடுமுறை. ஆனாலும் வெப்பமானியோடு போனேன். என் குணம் அது. கொத்து ரொட்டிக்கும் தோசைக்கும் நடுவே ஒருவர் தனியாக மலேசிய வறுத்த நூடுல்ஸ், மீ கோரிங், புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஈர்க்கில் உடம்பு, இடது தோளில் துவாய். பகலில் பஸ் ஓட்டுகிறவர் என்று சொன்னார்கள்.

அவரிடம் இரண்டு பழக்கங்களைக் கண்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அகப்பையால் சட்டியின் விளிம்பில் இரண்டு தரம் தட்டுவார். டக், டக். பிறகுதான் போடுவார். அடுத்தது, முதலில் புரட்டிய தட்டை அவர் யாருக்கும் விற்கவில்லை. மூடிப் பக்கத்தில் வைத்திருந்தார். காலையில் வைத்த தட்டு பின்னேரமும் அப்படியே இருந்தது. நான் வெப்பமானியைச் செருகினேன்.

“தம்பி, சமைச்ச சாப்பாடு வெளியிலை நாலு மணித்தியாலத்துக்கு மேலை இருக்கக்கூடாது. இதைக் குப்பையிலை போடும்.”

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு “ஓம் அண்ணை” என்று தட்டைத் தூக்கிக் குப்பையில் கவிழ்த்தார். நான் கையிலிருந்த தாளில் சரி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

அந்த மனிதரைத்தான் ஐந்தாவது கடையில் நிறுத்தினேன். சூலியா வீதியில் ஒரு சந்தி, பெயர்ப்பலகை இல்லாத தள்ளுவண்டி, மெலிந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், இடது தோளில் துவாய், டக் டக். ‘முதல் தட்டை அவர் விற்பதில்லை. ஏன் என்று கேட்டேன். சிரித்தார்’ என்று முடித்தேன். என் எழுத்தை வாசித்து நானே மெய்சிலிர்த்தேன்.*

* பெயர்ப்பலகை இல்லாத கடை என்பது வழிகாட்டி எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். தேடிப் போய்க் காணாதவர், தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

4.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள், வேலை முடிந்து காரை நிறுத்தியபோது வாசலில் கணேசலிங்கம் நின்றார். பஸ் சீருடை மாற்றவில்லை. கையில் பத்திரிகை நான்காக மடிந்திருந்தது.

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். தன்னைக் களவெடுத்து மலேசியாவில் விட்டிருக்கிறேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறார். மன்னிப்புக்கு மனதுக்குள் ஒரு வசனமும் தயாரித்தேன். ‘எழுத்தாளர்கள் சுற்றியிருப்பவர்களிடமிருந்துதான்’ என்று தொடங்கும் வசனம். அதைச் சொல்ல அவசியம் வரவில்லை.

“அண்ணை,” என்று என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. “அந்தாள் உயிரோடை இருக்கிறாரோ?”

5.

இனி வருவது அவர் சொன்னது. யாமினி கொடுத்த தேத்தண்ணி ஆறிக் கிடக்க, எங்கள் வீட்டு வரவேற்பறைக் கதிரையின் நுனியில் இருந்து சொன்னார்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முந்திய கதை. யுத்தம் முடிந்து, களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரைக் கொண்டுவந்து மலேசியாவில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். கடவுச்சீட்டும் அவனோடு போய்விட்டது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் பக்கம் இரண்டு நாள் பட்டினியாக அலைந்தபோது ஒரு மீ கோரிங் வண்டியின் முன்னால் நின்று பார்த்திருக்கிறார். வண்டிக்காரர் சாகுல் பாய், பூர்வீகம் கடையநல்லூர். ஒன்றும் கேட்காமல், மூடி வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து நீட்டியிருக்கிறார்.

“முதல் தட்டு அண்ணை. ஒவ்வொரு நாளும் அதை விக்காமல் வைப்பார். கையிலை ஒண்டும் இல்லாமல் ஆரும் வருவினம் எண்டு. அண்டைக்கு நான் வந்தனான்.”

பாய் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். புரட்டப் பழக்கினார். ஒரு ஒழுங்கும் சொல்லிக் கொடுத்தார். அகப்பையால் சட்டியில் இரண்டு தரம் தட்டினால் தட்டைக் கொண்டு வா. நிறுத்தாமல் தட்டினால் ஓடு.

“ஒரு நாள் நிப்பாட்டாமல் தட்டினார். நான் பின்னுக்குக் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். ஓடினன். ரெண்டு சந்து தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நிண்டுட்டுது.”

இமிகிரேஷன்காரர் பாயையும் ஏற்றிக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்களாம், காகிதம் இல்லாதவனை வைத்திருந்ததற்காக. கணேசலிங்கம் அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. பிறகு ஐ.நா.வின் அகதி அட்டை, விசாரணை, சிட்னி, பஸ், குடியுரிமை.

“அந்தாளுக்கு என்ன நடந்ததெண்டு நான் கேக்கேல்லை அண்ணை. போன் நம்பர் இருந்தது. அடிக்கேல்லை. வேறை ஆரும் எடுத்து, அவர் செத்துட்டார், உன்னாலைதான் எண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு பயம்.”

“நான் எழுதினது சூலியா வீதி. உம்மடை பாய் பட்டர்வொர்த்திலை எல்லோ...” என்று இழுத்தேன். தப்பிக்க அது ஒரு கதவு.

“இடம் மாறியிருப்பார். அவ்வளவு நடந்த பிறகு அதிலையே நிப்பாரோ?”

“நான் எழுதினவர் மெலிஞ்சவர்.”

“பாய் நல்ல மொத்தம்.” சிறிது யோசித்தார். கண் கலங்கியது. “மெலிஞ்சிட்டார் போலை, பாவம்.”

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “முந்தநாள் இதை வாசிச்சனான். நேற்றுத்தான் அண்ணை, இத்தினை வருசத்திலை நான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்.”

6.

வாசகரே, இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் தன் பாத்திரத்தைச் சந்தேகிப்பார். நானும் சந்தேகித்தேன். கணேசலிங்கம் இவ்வளவு சுலபமாக நம்புவாரா? அகப்பையின் இரண்டு தட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டும் போதுமா? கொஞ்சம் புத்தி குறைந்தவராக எழுதிவிட்டேனோ?

பிறகு விளங்கியது. அவர் புத்தி குறைந்தவர் இல்லை. நான் எழுதிய கடையில் நின்றது உண்மையிலேயே அவருடைய பாய்தான். பாயின் கை கணேசலிங்கத்துக்கு வந்தது. கணேசலிங்கத்தின் கையை நான் களவெடுத்தேன். அவர் தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் அந்தக் கட்டுரையில் அடையாளம் கண்டார். நான் குப்பையில் போடச் சொன்ன தட்டையும் கண்டார். அதை யார் போடச் சொன்னது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

6-அ.

சேஷாத்ரிக்குப் போன் எடுத்தேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்றேன்.

“திருத்தமா? சார், போன மாசம் ஒருத்தரோட அறுபதாம் கல்யாண விளம்பரத்துல வேற பொண்ணு போட்டோ வந்துடுச்சு. அதுக்கே நாம திருத்தம் போடல.”

“அந்தக் கடை இல்லை. நான் இட்டுக்கட்டினது.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சார், ஜனங்க ரொம்ப ரசிச்சிருக்காங்க. மூணு பேர் அந்தக் கடையில சாப்பிட்டதாவே போன் பண்ணாங்க.”

7. மாற்று முடிவுகள்

முடிவு ஒன்று: நான் அவருடைய வீட்டுக்குப் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னை மன்னிக்கிறார்.

(போனேன். அது உண்மை. கணேசலிங்கம் நிலத்தில் சூட்கேசைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுத்தாயிற்று, சனிக்கிழமை பயணம். சூட்கேசில் பாதி மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தல்கள்.* “பாய்க்கு முழங்கால் வருத்தம் அண்ணை. அந்த நாளையிலேயே நிண்டு நிண்டு கால் வீங்கும்.” நான் ஒரு போத்தலைக் கையில் எடுத்து, காலாவதித் திகதியைப் பார்த்து, நல்லதுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.)

* ஆஸ்திரேலியாவிலிருந்து எங்கே போனாலும் எங்கள் சனம் கொண்டுபோவது இதுதான். கொழும்பில் என் மச்சான் வீட்டில் இப்போது திறக்காத போத்தல்கள் ஒரு அலுமாரி இருக்கிறது.

முடிவு இரண்டு: நான் சொல்லாமல் விடுகிறேன். அவர் போகிறார், கடை இல்லை. தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் போகிறார். இன்னொரு தரம்.

(இதை எழுதிவிட்டு யாமினிக்கு வாசித்துக் காட்டினேன். “இதுக்குப் பேர் முடிவில்லை, கொடுமை. போன் இருக்கெல்லே, எடுத்துச் சொல்லுங்கோ” என்றாள். நாளைக்கு என்றேன். வெள்ளிக்கிழமையும் நாளைக்கு என்றேன்.)

முடிவு மூன்று: அவர் சூலியா வீதியில் திரும்புகிறார். அங்கே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வண்டி. டக், டக்.

(இதை எழுதக் கை துடிக்கிறது. மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் அழித்தேன். ஒருமுறை இப்படி இனிமையாக எழுதித்தானே இவ்வளவும் வந்தது.)

8.

இப்போது நடந்தது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். வெளியே கராஜில் பழைய பேப்பர் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் கணேசலிங்கத்தின் முகம், வியர்வை, பின்னால் மோட்டார் சைக்கிள்கள்.

“அண்ணை, விடியவே பட்டர்வொர்த்துக்குப் போனனான். பழைய இடத்திலை இப்ப கார் பார்க். ஒருத்தருக்கும் பாயைத் தெரியேல்லை. பரவாயில்லை, ஃபெரி பிடிச்சு இஞ்சாலை வந்திட்டன். நீங்கள் சொன்ன சூலியா வீதிச் சந்தியிலை நிக்கிறன். இதிலையிருந்து இடமோ வலமோ? கட்டுரையிலை நீங்கள் அதைப் போடேல்லை.”

கயிற்றைக் கீழே வைத்தேன்.

“கணேஷ், அங்கை கடை இல்லை.”

“பூட்டிட்டாரோ?”

“ஒருநாளும் இருக்கேல்லை. நான் பினாங்குக்கு வந்ததே இல்லை. பள்ளிக்கூட விழாவிலை உம்மைப் பாத்துத்தான் எழுதினனான். அந்தத் துவாய், அந்தத் தட்டு, எல்லாம் உம்மடை. நான் குப்பையிலை போடச் சொன்னனே, அந்தச் சாப்பாடு. என்னை மன்னியும்.”

அவருடைய முகம் திரையிலிருந்து விலகியது. கை தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது. தார் வீதியும் அவருடைய செருப்பும் மட்டும் தெரிந்தன. மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. (‘அழுதார்’ என்று எழுதியிருந்தேன். நான் பார்க்கவில்லை, ஆகவே எடுத்துவிட்டேன்.)

பிறகு முகம் திரும்ப வந்தது.

“அப்ப பாய்க்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“இருக்கிறார் எண்டும் தெரியாது. செத்தார் எண்டும் தெரியாது.”

“ஓம்.”

அவர் வீதியை ஒருபக்கம் பார்த்தார். மற்றப் பக்கமும் பார்த்தார்.

“பன்னிரண்டு வருசம் பயத்திலை இருந்திட்டன் அண்ணை. நீங்கள் பொய் எழுதாட்டி நான் பிளேன் ஏறியிருக்க மாட்டன். இப்ப வந்திட்டன். இன்னும் நாலு நாள் கிடக்கு. மீ கோரிங் போடுற ஒவ்வொரு ஆளையும் கேட்டுக்கொண்டு போகப்போறன். எங்கையாவது தொடங்கத்தானே வேணும்.” தோளில் இருந்த பையை மறுபக்கம் மாற்றினார். உள்ளே போத்தல்கள் கிலுங்கின. “சொல்லுங்கோ, இடமோ வலமோ?”

“எனக்கு எப்பிடித் தெரியும் கணேஷ்?”

“எழுதினது நீங்கள்தானே. சொல்லுங்கோ.”

9.

நான் சொல்லவில்லை. ஒரு சொல் வாயில் வந்தது. அது எப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தெரியும், இதே வாயில் வந்ததுதான் அந்த ஐந்தாவது கடையும். விழுங்கிவிட்டேன்.

நீங்கள் பினாங்குக்குப் போயிருக்கக்கூடும். அந்தச் சந்தியில் நின்றிருக்கக்கூடும். குறைந்தபட்சம், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தவராக இருப்பீர்கள். அங்கே இப்போது நடுப்பகல் வெயில், அவர் தொப்பி போடவில்லை. இந்தாருங்கள், போன். சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்கு வீதி இரைச்சலில் சரியாகக் கேட்காது.